எஃப் 1.4 லென்ஸும் எங்கள் அண்ணியும்

போன வாரம் பேரன் வந்திருந்தான். புதிதாக ஒரு லென்ஸ் வாங்கப் போகிறானாம். 85 மி.மீ., எஃப் 1.4. விலையைச் சொன்னான். என் ஒரு மாதப் பென்ஷன் அதற்குப் போதாது. "எதுக்குப்பா இவ்வளவு காசு?" என்று கேட்டேன். "பேக்ரவுண்ட் அப்படியே கரைஞ்சு போயிடும் தாத்தா" என்றான், கண்கள் மின்ன.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழந்தையிடம் காட்டவில்லை. காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். அவன் படித்துக் கொள்ளட்டும்.

எங்களுடையது திருப்பருத்திக்குன்றத்தில் நெசவுக் குடும்பம். நான் படித்து இயற்பியல் வாத்தியாராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அண்ணன் மட்டும் கடைசி வரை தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர். அவர் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெசவிலேயே கோர்த்துச் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. ஒரு ஆள் தனியாகச் செய்கிற வேலை இல்லை. நெசவாளி உடலையும் ஒரு கரையையும் பார்த்துக்கொள்ள, அடுத்த கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். என் பத்தாவது வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் தறியில் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நான். அண்ணன் தறியில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவர் அண்ணி.

ஆறு வருடத்துக்கு முன் பட்டணத்திலிருந்து ஒரு இளைஞர் படமெடுக்க வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. அரை நாள் இருந்தார், காபி குடித்தார், நூற்றுக்கணக்கில் எடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பெரிய பிரிண்ட் ஒன்றும் சட்டம் போட்டு அனுப்பி வைத்தார். அண்ணனின் கண் பளிச்சென்று இருந்தது. முகத்துச் சுருக்கத்தை எண்ணிவிடலாம். காது மங்கல். தறி பழுப்பு நிறப் புகை. அவருக்குப் பின்னால் குங்கும நிறத்தில் ஒரு தீற்றல்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குடா. அவ எங்கே?" என்றார்.

அந்தத் தீற்றல்தான் அண்ணி.

கரோனா அடங்கிய பிறகு அண்ணி போய்விட்டார். இந்தத் தை மாதம் அண்ணன் தறியைப் பிரித்து மரத்தை விற்றார். அண்ணி தறியில் உட்கார்ந்திருக்கும் படம் எங்களிடம் வேறு இல்லை.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னணி மங்கினால்தான் நல்ல படம், எண் குறைந்தால்தான் நல்ல லென்ஸ் என்று ஒரு மூடநம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. போதாததற்குச் செல்போனிலும் பொய்யாக ஒரு மங்கலை வரைந்து கொடுக்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு விஷயத்தைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் பஸ் போர்டை எப்படிப் படிக்கிறோம்? கண்ணைச் சுருக்கிக்கொண்டுதானே? வெளிச்சம் வரும் வாசல் சிறுத்தால் தெளிவு கூடுகிறது. லென்ஸின் துவாரமும் அப்படித்தான். எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த ஈவு. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 என்றால் துவாரம் சுமார் 36 மி.மீ.; எஃப் 8 என்றால் 6 மி.மீ.க்குச் சற்று மேல். துவாரம் பெரிதானால் வெளிச்சம் அதிகம், ஆனால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிகிற ஆழம் குறைவு. இதைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்கிறார்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன், வாத்தியார் புத்தி போகுமா? பெரிய சென்சார் உள்ள கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் வைத்து 2 மீட்டரில் இருக்கும் ஆளை எடுத்தால், தெளிவான ஆழம் சுமார் 5 செ.மீ. கண் தெரியும், காது போய்விடும். அதே 2 மீட்டரில் 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் வைத்தால் சுமார் 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவு. அண்ணன், அண்ணி, தறி, சுவரில் மாட்டிய சாமி படம், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

"இருட்டு வீட்டில் எஃப் 8-க்கு வெளிச்சம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எஃப் 1.4-லிருந்து எஃப் 8-க்கு ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். கடைசியில் 32-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஃபிலிம் காலத்தில் இது பெரிய கஷ்டம். 100 ஐ.எஸ்.ஓ. சுருளைப் போட்டால் முடியும்வரை அதுதான். அதனால்தான் பெரிய துவாரத்து லென்ஸ்களைத் தேடினார்கள். 1975-ல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சி எடுக்க, நாசாவுக்காகச் செய்த ஜைஸ் எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார் ஸ்டான்லி குப்ரிக். அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். ஆழம் குறைந்தது அதற்குக் கொடுத்த விலை. நடிகர்கள் சற்று முன்பின் அசைந்தாலும் ஃபோகஸ் போய்விடும். இன்று பேரனின் கேமராவில் ஒரு சக்கரத்தைத் திருப்பினால் 100 ஐ.எஸ்.ஓ. 3200 ஆகிறது. அதுவும் சரியாக 32 மடங்கு. கொஞ்சம் மணல் தூவினாற்போலத் தெரியும். தெரிந்தால் என்ன? மணலுக்குள் அண்ணி இருந்திருப்பார்.

"முகம்தான் முக்கியம், மற்றது கவனத்தைச் சிதைக்கும்" என்பது அடுத்த வாதம். கல்யாண மண்டபத்தில் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தால் தாராளமாக மங்கலாக்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நெசவாளிக்குத் தறி பின்னணி ஆகுமா? கோர்வை நெய்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பின்னணி ஆவாரா? இரண்டு பேர் நெய்த புடவையை ஒருவர் நெய்ததாகக் காட்டினால் அந்தப் படம் பொய் சொல்கிறது. அதுவும் அழகாகச் சொல்கிறது. அதனால்தான் பலரும் கவனிப்பதில்லை.

பெரிய துவாரமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். என்னிடமும் 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று உண்டு. எங்கள் ஊர் திரைலோக்கியநாதர் கோயிலில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-ல் கட்டுவித்த சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்தில் ரிஷபதேவர், மகாவீரர் முதலான தீர்த்தங்கரர்களின் கதைகள் வரிசை வரிசையாக வண்ணத்தில் தீட்டியிருக்கின்றன. மங்கிய வெளிச்சம். பழைய வண்ணத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அங்கே என் எஃப் 1.8 கை கொடுக்கும். விதானம் தட்டையானது, கேமராவை நேர் மேலே பிடித்தால் ஆழம் அதிகம் தேவையில்லை. சோம்பலில் சாய்த்துப் பிடித்தேனோ, ஒரு வரிசை தெளிவாகவும் அடுத்த வரிசை குழம்பியும் வரும். கழுத்து வலித்தாலும் நேராகத்தான் பிடிக்கிறேன். எஃப் 2.8-க்கு மூடினால் ஓரங்களும் தேறுகின்றன. இந்த ஓவியங்களை டி.என். ராமச்சந்திரன் விளக்கி எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-ல் வெளியிட்டது. ஓவியம் நாளுக்கு நாள் மங்குகிறது. நாம் எடுக்கும் படமும் சேர்ந்து மங்கலாம் என்றால் அடுத்த தலைமுறை எதைப் பார்க்கும்?

ஆகவே பேரனுக்கு என் யோசனை. அந்த விலையில் பாதிகூட வேண்டாம். உன் கேமரா சின்ன சென்சார் உள்ளது; அதில் 85 மி.மீ. வீட்டுக்குள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு முகத்துக்கு மேல் அடங்காது. 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்கு. தறி வீட்டுக்குள் இன்னும் அகலம் வேண்டுமென்றால் கேமராவோடு வந்த ஜூம் லென்ஸே போதும். இருட்டில் திற, மற்ற நேரம் மூடு. படமெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்: முப்பது வருடம் கழித்து இந்தப் படத்தில் யாரைத் தேடுவார்கள்?

அந்தச் சட்டம் போட்ட படம் இன்றும் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் தொங்குகிறது. வருகிறவர்களெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து "அடடா" என்கிறார்கள். அவர் மட்டும் அந்தத் தீற்றலைக் காட்டி, "இது எங்க வீட்டுக்காரி" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.