முதல் வரியில் யார்?

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். ஊருக்குள் தில்லை மரத்தைத் தேடினால் கிடைக்காது. பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். எங்கள் உப்பங்கழியோரம், சுரபுன்னைகளுக்கு இடையில் அது இன்னும் நிற்கிறது. பெயர் கோயிலுக்கு, மரம் சேற்றுக்கு. டி.ஏ. மதுரத்துக்கும் இதே கதிதான்.

மதுரத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்துக்கு ஏற்றபடி ஒரு குறிப்பு எழுதிவரச் சொன்னேன். "கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் மனைவி" என்று தொடங்கியிருந்தாள் என் மாணவி.

"தப்பா மேடம்? எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?"

தப்பில்லை. அதுதான் சிக்கல். பொய்யென்றால் அடித்துவிடலாம், உண்மையை வைத்தே ஒருத்தியை மறைக்கும்போது என்ன செய்வது? கிருஷ்ணனைப் பற்றிய கட்டுரை "மதுரத்தின் கணவர்" என்று தொடங்கி நான் பார்த்ததில்லை.

இருவர் ஆடிய ஆட்டம் அது. ஒருவர் வீசிய சொல்லை மற்றவர் திருப்பி அடித்ததால்தான் கொட்டகை சிரித்தது. மதுரம் தன் சொந்தக் குரலில் பாடியவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் 1944 இறுதியில் கைதானார், 1947இல்தான் விடுதலை. அவர் உள்ளே இருந்தபோது தொடங்கி, வெளியே வந்தபின் அவரையும் சேர்த்துக்கொண்டு அந்த ஆண்டே வெளியான 'பைத்தியக்காரன்' படத்தில் மதுரம் நடித்திருக்கிறார். கணவர் சிறையிலிருந்தபோதும் அரிதாரம் பூசியவரை வெறும் மனைவியாக்கியது யார்?

சான்று கொடு என்கிறது கலைக்களஞ்சியம். நியாயமான விதி. ஆனால் பெண்ணைப் பற்றி எழுதாமல் விட்ட சமூகமே பிறகு சான்று கேட்கிறது. 2018இல் இயற்பியல் நோபல் பெற்ற டோனா ஸ்டிரிக்லண்டுக்கு, பரிசு அறிவித்த நேரத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் இல்லை. அதற்கு முன்பே வந்த ஒரு வரைவு, போதிய சான்றில்லை என்று அதே ஆண்டு மே மாதம் மறுக்கப்பட்டிருந்தது. நோபல் வாங்கும் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், சிரிக்க வைத்தவளுக்கு?

விதியைத் திட்டிப் பயனில்லை. சான்றைத் தேடிப் போக வேண்டும். பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமா இதழ்களும் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் இருக்கின்றன. படத்தைப் பார்த்து, ஆண்டைச் சரிபார்த்து, இதழையும் பக்கத்தையும் குறித்து எழுத வேண்டும். கவிதை எழுதுவதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். பெண்ணியம் பேசுகிறவர்கள் இந்தக் குமாஸ்தா வேலையைக் கீழாக நினைக்கக் கூடாது.

மாணவி திருத்தி எழுதினாள்: "டி.ஏ. மதுரம், தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகை, பாடகி."

கணவரின் பெயர் நான்காவது வரியில் இருக்கிறது. எடுக்கவில்லை. உண்மைதானே.