கொடுத்த கை வாங்கும்போது

பிறருக்கு உதவி செய்பவர் ஒருமுறையேனும் உதவி பெற்றுப் பார்க்க வேண்டும். யோபு நூலுக்கு வில்லியம் பிளேக் செதுக்கிய படங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே எழுகிறது.

பிளேக் (1757–1827) இலண்டனில் வாழ்ந்த கவிஞர். செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்தவர். முதுமையில் வறுமை அவரை வாட்டியது. 1822இல் அங்குள்ள அரச கலைக் கழகம் அவருக்கு 25 பவுண் உதவிப் பணம் வழங்கியது. மறு ஆண்டு, ஜோன் லினல் என்ற இளம் ஓவியர் யோபுவின் கதையைச் செதுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார். 1826இல் முகப்புத் தகட்டுடன் 21 படங்கள் வெளிவந்தன. விற்பனை சொற்பமே.

அவற்றுள் மூன்றை அபிவிருத்திப் பணியில் உள்ளோர் ஊன்றிப் பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படத்தில், அனைத்தையும் இழந்த யோபு தம்மிடம் எஞ்சிய அப்பத்தை ஓர் இரவலருக்குக் கொடுக்கிறார். நற்செயல்தான், ஆயினும் அவர் இன்னும் கொடுப்பவராகவே இருக்கிறார்.

பத்தாம் படத்தில் மூன்று நண்பர்கள் கைநீட்டி அவரைச் சுட்டுகின்றனர். இவர்கள் தீயவர்கள் அல்லர். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தவர்கள். வாய் திறந்தபோதே பிழைவிட்டார்கள்: துன்பத்தின் காரணத்தைத் தாங்களே தீர்மானித்துவிட்டார்கள். 'இம்மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது, ஒற்றுமை இல்லை' என்று நாம் அறிக்கை எழுதும்போது நமது விரலும் அவ்விரல்களோடு சேர்ந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் படத்தில் யோபுவும் மனைவியும் அத்திமரத்தடியில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் பணமும் பொன்னும் கொண்டுவருகின்றனர். விவிலியத்தில் ஒரே வசனத்தில் முடியும் இந்நிகழ்ச்சிக்குப் பிளேக் ஒரு முழுத் தகட்டை ஒதுக்கினார். உதவிப் பணம் வாங்கியவருக்கு அவ்வசனத்தின் கனம் தெரிந்திருக்கும்.

உதவி பெறுவோர் சோம்பேறிகளாகி விடுவார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். ஒருவர் எந்நாளும் கொடுப்பவர், மற்றவர் எந்நாளும் பெறுபவர் என்ற நிலையே மனிதரை முடக்குகிறது என்பேன். ஏழை வீட்டில் தரும் வெறுந்தேநீரை, 'நேரமில்லை' என்று மறுக்காமல் அமர்ந்து குடிப்போம். எந்த மண்ணில் எது விளையும் என்பதை அம்மக்களிடமே கேட்டுக் கற்போம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து, நமது செலவையும் அவர்கள் கேள்வி கேட்க இடமளிப்போம்.

நீட்டிய விரலை மடக்கினால்தான் கை ஏந்த முடியும். பெறத் தெரியாதவரின் கொடை, பெறுபவரைத் தாழ்த்தியே விடும்.