குறட்டை கேட்ட கறுப்புப் பெட்டி

எங்க சித்தப்பா கரும்பு லாரி ஓட்டுறவர். சீசன்ல நடுராத்திரி எறையூர் சர்க்கரை ஆலைக்கு லோடு ஏத்திட்டு வரும்போது, பக்கத்துல கிளீனர் அண்ணன் வாய் ஓயாம எதையாவது கேட்டுக்கிட்டே வருவார். பதில் இழுவையா வந்துச்சுன்னா, "அண்ணே, ஓரங்கட்டுங்க. டீ!" அவ்வளவுதான். மனுஷன் சும்மா அறுக்கிறார்னுதான் நினைச்சிருந்தேன். காலேஜ் செமினாருக்கு ரெடியானப்போதான் புரிஞ்சுது, அவர் பண்றது வாய்ஸ் அனாலிசிஸ்!

தூக்கம் சொக்கினா பேச்சு வேகம் குறையும். நடுவுல இடைவெளி கூடும். ஏற்ற இறக்கம் போய் குரல் தட்டையாகும். விமானி எப்படியும் கன்ட்ரோல் டவரோட ரேடியோவில் பேசித்தான் ஆகணும். அந்தப் பேச்சையே ஒரு சாஃப்ட்வேர் ஒட்டுக்கேட்டா? உடம்புல ஒயர் ஒட்ட வேண்டாம், மூஞ்சிக்கு நேரா கேமராவும் வேண்டாம்.

ஐடியா சூப்பர், மார்க்தான் சுமார். 2011-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் நடந்த இன்டர்ஸ்பீச் மாநாட்டில் இதையே போட்டியா வெச்சாங்க. குரலை மட்டும் கேட்டு, இவர் தூங்கி வழியறாரா இல்லையான்னு கம்ப்யூட்டர் சொல்லணும். நல்லா செஞ்ச டீமுக்கே பத்துக்கு ஏழு சொச்சம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே அஞ்சு வரும் பாஸ்!

ஆனா என்னை உறுத்துறது மார்க் இல்லை, மங்களூர்.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, விடிகாலையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போயிட்டாங்க. காக்பிட் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்ட விசாரணைக் குழுவுக்குக் கிடைச்சது கேப்டனின் குறட்டைச் சத்தம். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல தூங்கியிருக்கார். பேசினாத்தானே சாஃப்ட்வேர் குரலை அளக்கும்? குறட்டையைக் கண்டுபிடிக்க மெஷினும் தேவையில்லை, துணை விமானி பக்கத்து சீட்லதான் இருந்தார்.

எழுந்த பிறகும் கேப்டனுக்குத் தூக்கக் கலக்கம் முழுசா தெளியலை. விமானம் இறங்க வேண்டிய உயரத்துக்கு மேலேயே வந்துச்சு. "கோ அரவுண்ட்" (அதாவது, இறங்காதீங்க, மறுபடி மேலே தூக்குங்க) என்று துணை விமானி மூணு தடவை சொன்னதும் பதிவாகியிருக்கு. கேப்டன் இறக்கிட்டார். சொன்னவர் ஜூனியர். கேட்க வேண்டியவர் சீனியர்.

போன வாரம் ஊருக்குப் போனப்போ கிளீனர் அண்ணன்கிட்ட கேட்டேன்: "சித்தப்பா லாரியை நிறுத்த மாட்டேன்னு திட்டினா?"

"திட்டுவாரு தம்பி. டீ குடிச்சுக்கிட்டே திட்டுவாரு."