சீட்டைக் கேளாதீர், தட்டைக் கேளுங்கள்

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் வெங்காயம் வாங்க வரும் வியாபாரி, சாக்கின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து விலை பேசுவதில்லை. சாக்கின் வாயை அவிழ்த்து, அடியிலிருந்து இரண்டு காய்களை எடுத்து, கழுத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறார். நன்றாகக் காய்ந்ததா, உள்ளே அழுகல் உண்டா என்பதை அவருடைய கையே சொல்லிவிடுகிறது. 1999இல் தொடங்கிய அச்சந்தையில் பள்ளிப் படிப்பில்லாதவரும் ஏமாறாமல் வணிகம் செய்வது இந்தப் பழக்கத்தினால்தான்.

இந்த எளிய நியாயத்தைக் கற்றறிந்த இசை இரசிகர்கள் கைவிட்டதேன் என்பதே எமது கேள்வி.

1960களிலும் 1970களிலும் வெளிவந்த மேனாட்டு ரொக் இசைத்தட்டுகள் இன்று மீண்டும் அச்சாகி வருகின்றன. ஒரு தட்டின் விலை இந்த மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாட் கூலி. உறையின்மேல் ‘180 கிராம் எடை’ என்றும், ‘மூல நாடாவிலிருந்து’ என்றும் பொன்னெழுத்துக்கள் மின்னுகின்றன. வாங்கியவர் முள்ளை வைக்குமுன்பே, “அடடா, என்ன ஒலி!” என்று சிலாகிக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் கேட்பது தட்டையா, சீட்டையா?

நாமும் இந்த மயக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். அண்மையில் தம்புள்ளைச் சந்தைக்கு அருகே நண்பர் ஒருவர் வீட்டில் கூடினோம். பீட்டில்ஸ் குழுவினர் 1969இல் வெளியிட்ட ‘அபே ரோட்’ தொகுதியின் இரு பிரதிகள் அங்கிருந்தன. ஒன்று கல்கத்தா டம் டம் ஆலையில் அச்சான பழைய தட்டு. மற்றது 2019இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு. எது சுழல்கிறது என்பதை மறைத்து வைத்துக் கேட்டோம். முதற் சுற்றில் எல்லோரும் ஒரே தட்டைத்தான் புகழ்ந்தோம். பிறகு பார்த்தால், அது மற்றதிலும் சற்று உரத்து ஒலித்தது; அவ்வளவுதான் அதன் பெருமை! ஒலியளவைச் சமப்படுத்தி மீண்டும் கேட்டபோது எமக்குள் கருத்து இரண்டாகப் பிளந்தது. “பழைய தட்டில்தான் உயிருண்டு” என்று நெடுநாளாக வாதாடி வந்தவர்களே புதியதைத் தேர்ந்திருந்தார்கள். வெட்கத்தோடுதான் தேநீர் அருந்தினோம்.

அந்த வெட்கம் எமக்குக் கற்பித்த பாடம் பெரிது. உரத்து ஒலிப்பதை நல்லதென்று நம்புவது மனிதக் காதின் இயல்பு. எனவே ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு ஒப்பீடே அன்று. இன்னொன்றும் உண்டு: 2019ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய கலவையின் மறு அச்சு அன்று. மூலப் பதிவின் தனித்தனி ஒலித்தடங்களை எடுத்து, ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஒக்கெலும் புதிதாகக் கலந்த பதிப்பு அது. இந்த வேறுபாட்டை அறியாமல் “பழையது, புதியது” என்று சண்டையிடுவது, சோற்றையும் புட்டையும் நிறுத்து எது நல்ல அரிசி என்று கேட்பதை ஒக்கும்.

எடையைப் பற்றிய மூடநம்பிக்கையையும் பார்ப்போம். ஒலி இருப்பது தட்டின் மேற்பரப்பில் வெட்டப்பட்ட பள்ளத்தில். தட்டின் பருமனில் அன்று. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அன்று, முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் சுற்றும் பன்னிரண்டு அங்குலத் தட்டில், வெளி விளிம்பில் முள் வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் தூரம் ஓடுகிறது. உள் வட்டத்துக்கு வரும்போது அது 21 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலி குறுகிய இடத்தில் நெருக்குண்பதால் கடைசிப் பாட்டில் ‘ஸ’கரமும் சிம்பலின் ஒலியும் கரகரக்கின்றன. எத்தனை கிராம் கூட்டினாலும் இந்த விதி மாறாது. தட்டை மதிப்பிட விரும்புவோர் பக்கத்தின் முதற் பாட்டில் மயங்காமல் கடைசிப் பாட்டைக் கேட்கட்டும். நடுத்துளை பிசகியிருந்தால் பியானோவின் நீண்ட சுரம் ஆடும், அதைக் கேட்கட்டும். இவற்றுக்குப் பொற்காது வேண்டியதில்லை, பொறுமை போதும்.

‘மூல நாடா’ என்ற மந்திரத்தின் கதை 2022இல் வெளிப்பட்டது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிற்றி நிறுவனம் தன் மறுபதிப்புகள் மூல நாடாவிலிருந்து வருவனவென்று பெருமை பேசி, சிலவற்றை 100 டொலருக்கும் மேலாக விற்றது. அவற்றுட் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்ததும், 2011 முதலே அம்முறை கையாளப்பட்டு வந்ததும் அவ்வாண்டு தெரியவந்தன. வழக்கு எழுந்தது, இரண்டரைக் கோடி டொலர் அளவில் இணக்கம் காணப்பட்டது. ஆனால் எம்மைச் சிந்திக்க வைப்பது வழக்கன்று. டிஜிட்டலின் வாடையே ஆகாதென்ற விமர்சகர்கள் அந்தத் தட்டுகளைத்தான் இத்தனை ஆண்டுகளாக வானளாவப் புகழ்ந்தார்கள்! அவர்கள் காது பொய் சொல்லவில்லை. தட்டுகள் நன்றாகவே ஒலித்தன. பொய் சொன்னது சீட்டு. ஆகவே குற்றம் டிஜிட்டலில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. ஒலிக்குத் தீர்ப்புச் சொல்லக் காது போதும். பிறப்பைச் சொல்லும் கடமை விற்பவனுடையது.

“இது வசதி படைத்தோர் பொழுதுபோக்கு; உழைக்கும் மக்களுக்கு இதனால் என்ன?” என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு எமது பதில் இது: இன்று ‘அபே ரோட்’டுக்கு நடப்பது நாளை எமது பாடல்களுக்கும் நடக்கும். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் பைலாத் தாளத்தில் எமது தெருப்பேச்சைச் சபையேற்றியவை. ‘சுராங்கனி’யைப் பாடாத கலியாண வீடு உண்டா? அந்த இசைத்தட்டுகளுட் சில வீட்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. 1983 யூலையில் எரிந்த வீடுகளோடு எரிந்த தட்டுகள் எத்தனை என்பதை எவரும் எண்ணவில்லை. ‘அபே ரோட்’டைக் கெடுத்து அச்சிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் ஆயிரமாயிரம் பிரதிகள் உண்டு. எமது பாட்டைக் கெடுத்து அச்சிட்டால் எதனோடு ஒப்பிடுவது? தேய்ந்த தட்டொன்றின் கீறலைக் கருவியால் துடைக்கும்போது, கீறலோடு பாடகனின் மூச்சும் தவிலின் நுனியொலியும் துடைபட்டுப் போகலாம். நாளைய தலைமுறை அதையே மூலமென்று நம்பும்.

ஆதலின் நாம் கேட்பது மூன்று. மறுபதிப்பாளர் எதிலிருந்து எடுத்தார்: மூல நாடாவிலிருந்தா, பழைய தட்டிலிருந்தா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா என்பதை உறையில் அச்சிட வேண்டும். கலவையில் கைவைத்திருந்தால் அதையும், பள்ளம் வெட்டிய தொழில்நுட்பக் கலைஞரின் பெயரையும் சொல்ல வேண்டும். அது அவருடைய உழைப்பு. இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்திலுள்ள தமிழ்த் தட்டுகளைத் துடைக்காமலும் திருத்தாமலும் முதலில் உள்ளவாறே படியெடுத்துப் பொதுமக்கள் கேட்க வைக்க வேண்டும். அலங்காரப் பதிப்புகள் அதன் பின்னர் வரட்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டு இருந்தால், நிறுவனப் பெயரையும் நடுவட்டத்தருகே கீறப்பட்ட எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தட்டைக் கிடத்தி அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். எவராவது அதைப் புதுப்பித்து விற்க வரும்போது, அந்தத் தாளோடும் தட்டோடும் அவர் முன் சென்று, சாக்கை அவிழ்க்கச் சொல்லுங்கள்.