எந்தத் தெரபி நல்ல தெரபி?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம். செரிப்ரல் பால்ஸி, அதாங்க பெருமூளை வாதம், இருக்கிற குழந்தை வீட்டுக்கு யோசனைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. 'ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துருமாம்', 'ஆக்ஸிஜன் அறையில உக்கார வச்சா சரியாயிருமாம்'னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நகையை அடகு வச்சு ஊர் ஊரா அலையறாங்க பெத்தவங்க.

மூளையில ஏற்பட்ட பாதிப்பை இல்லாமப் பண்ற வைத்தியம் இன்னும் வரலை. சில ரத்த நோய்கள் தவிர மத்ததுக்கெல்லாம் ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாத்தான் செய்யலாம், வியாபாரமா விக்கக் கூடாதுன்னு ஐ.சி.எம்.ஆர். 2017லயே நெறிமுறை போட்டாச்சு.

சரி, எதுதான் உதவும்? ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013லும் 2020லும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, சிகிச்சைகளை சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சாங்க. ஆக்ஸிஜன் அறைக்கு சிவப்பு. குழந்தை தனக்குத் தேவையான ஒரு வேலையை, தானே முயற்சி பண்ணி, வீட்டுலயே திரும்பத் திரும்பப் பழகறதுக்குப் பச்சை. இட்லியைப் பிட்டு வாயில வைக்கிறது, சட்டைக்குள்ள கையை விடறது மாதிரி. படுக்க வச்சுக் கை காலை இழுத்து நீட்டி விடறது மட்டும் போதாது.

அதனால தெரபிஸ்ட் கிட்ட மூணு கேள்வி கேளுங்க. அடுத்த மூணு மாசத்துல என் பிள்ளை புதுசா என்ன செய்யும்? அதுக்கு நான் வீட்டுல என்ன செய்யணும்? இடுப்பு எக்ஸ்ரே எப்ப எடுக்கணும்? கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. இந்தக் குழந்தைகள்ல சுமார் மூணுல ஒருத்தருக்கு இடுப்பு மூட்டு விலகுது. பதில் சொல்லாம 'தினமும் கூட்டிட்டு வாங்க'ன்னு மட்டும் சொன்னா, வேற இடம் பாக்கறது நல்லது.

தினமும் வர்றது லேசா என்ன? மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில இதுக்குன்னு அரசு மையம் இருக்கு, நல்ல விஷயம். ஆனா எட்டு வயசுப் பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு, உசிலம்பட்டியில பஸ் ஏறி, ஆரப்பாளையத்துல மாறி வர்ற அம்மாவுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. நாலு வாரம் வருவாங்க, அப்புறம் நின்னுடுவாங்க. 'பெத்தவங்களுக்கு அக்கறை இல்லை'ன்னு சுலபமாச் சொல்லிடறோம்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில, 1981ல எஸ்.ராமகிருஷ்ணன் ஆரம்பிச்ச அமர் சேவா சங்கம் இதைத் திருப்பிப் போட்டாங்க. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தையோட வீட்டுக்கே அனுப்பறாங்க. பின்னாடி தெரபிஸ்ட்கள் வழிகாட்டறாங்க.

2021ல வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பெரியவங்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி போகுது. அதே வழியில, குழந்தைகளுக்கான பயிற்சி எடுத்த ஒருத்தர் வாராவாரம் ஒவ்வொரு கிராமத்துக்கும் போகணும். நகரத்துல இன்னும் பத்து சென்டர் தொறக்கறதை விட இதுதான் முக்கியம்ங்கறது என் கட்சி.

நல்ல தெரபிங்கறது அந்த அம்மாவால நாளைக்கும் செய்ய முடியற தெரபிதாங்க.