கடன் வாங்கிய வேகம்

கடன் வாங்கினவனுக்கு இரவில் தூக்கம் வராது என்பார்கள். யந்திரங்களுக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற மாதம் என் தம்பி வீட்டில் கண்டேன்.

தம்பி வீட்டுக் கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. 2008-ம் வருஷத்தில் வாங்கியது. அதன் மூளையாக இருப்பது இன்டெல் கம்பெனியார் 2007-ம் வருஷத்தில் வெளியிட்ட க்யூ 6600 என்னும் பிராஸஸர். அதற்கு விதிக்கப்பட்ட வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்; அதாவது வினாடிக்கு 240 கோடி துடிப்பு. மதர்போர்டிலிருந்து வரும் 266 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை ஒன்பதால் பெருக்கினால் இந்தக் கணக்கு வரும். அந்த 266-ஐ 333 என்று மாற்றிவிட்டால் வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸாகிவிடும். காலணா செலவில்லை! இதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். வாலிப உற்சாகத்தில் தம்பி இதைச் செய்தான். பிறகு, செய்ததையே மறந்துவிட்டான்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள் அவனுடைய பெண். கல்லூரிக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கொண்டிருந்தாள். ஒரு நாள் நள்ளிரவில், எச்சரிக்கை எதுவுமின்றி, யந்திரம் அணைந்தது. சேமித்து வைக்காத பதினோரு பக்கங்கள் போய்விட்டன. மறுநாளும் அப்படியே நடந்தது.

"பெரியப்பா, இதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. புதிது வாங்க இந்த வருஷம் கையில் பணமில்லையே. நான் எப்படிக் கட்டுரையை முடிப்பேன்?" என்றாள். குழந்தையின் கண் கலங்கியிருந்தது.

பெட்டியைத் திறந்தோம். பிராஸஸரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் ஸிங்கின் தகடுகளுக்கிடையே கம்பளி நெய்தாற்போல் தூசி படர்ந்திருந்தது. விசிறி என்னவோ சுழன்று கொண்டுதான் இருந்தது. காற்று நுழைவதற்குத்தான் வழியில்லை!

நேயர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். பிராஸஸரின் உஷ்ணம் வேகத்துக்கு ஏற்ப ஏறும். அத்துடன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். வேகம் 2.4-லிருந்து 3.0 ஆனால் ஒன்றேகால் மடங்கு. அந்த வேகத்தில் தடுமாறாமல் இருப்பதற்காக வோல்டேஜை 1.25-லிருந்து 1.35-க்கு உயர்த்தியதாக வைத்துக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து உஷ்ணத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிவிடும். 95 வாட்டுக்கு அமைந்த சரக்கு சுமார் 138 வாட்டைக் கக்கும். முன்பு அறைக் காற்றைவிட 30 டிகிரி அதிகமாய்ச் சூடேறியது இப்போது 44 டிகிரி ஏறும். அறையே 35 டிகிரியாயிருந்தால் மொத்தம் 79 டிகிரி. இது தூசியில்லாத நாளின் கணக்கு!

சூடு எல்லை மீறினால் பிராஸஸர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், உயிரைக் காத்துக் கொள்ளும் பொருட்டு அடியோடு நின்றுவிடும். வேகத்துக்காகச் செய்த காரியம் கடைசியில் மந்தகதியில் கொண்டுபோய் விடுகிறது. வட்டி கட்டாத கடன் வேறெப்படி முடியும்?

பரிகாரம் கடினமானதன்று. முதலில் மின்சாரத் தொடர்பை அறவே நீக்க வேண்டும். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக் கொண்டு, மெல்லிய தூரிகையாலும் காற்றாலும் தூசியைப் போக்க வேண்டும். அடுத்தது தெர்மல் பேஸ்ட். உலோகங்கள் இரண்டும் வழவழப்பாகத் தோன்றினாலும், இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று உஷ்ணத்தைக் கடத்தாது. அந்தப் பள்ளங்களை நிரப்புவதே பேஸ்டின் வேலை. நாளடைவில் அது காய்ந்துவிடும். பழையதை ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கடுகைவிடச் சற்றுப் பெரிய துளி புதிதாக வைத்தால் போதும். தோசைக்கு எண்ணெய் வார்ப்பதுபோல் வார்க்கலாகாது.

மூன்றாவது விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இந்த ஜாதிப் பிராஸஸருடன் வந்த ஹீட் ஸிங்கை நான்கு பிளாஸ்டிக் முளைகள் தாங்குகின்றன. அவற்றை எதிர் மூலைகளாகப் பார்த்து அழுத்த வேண்டும். நான்கும் மதர்போர்டின் பின்புறம் வரை இறங்கிவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று நழுவினாலும் ஹீட் ஸிங்க் ஒருபுறம் தூக்கிக் கொள்ளும். பிறகு எவ்வளவு உயர்ந்த பேஸ்ட் இருந்தும் பிரயோஜனமில்லை. எங்கள் பெட்டியில் ஒரு முளை நழுவித்தான் கிடந்தது.

கடைசியாக, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. சூடான காற்று வெளியேற இடம் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு யந்திரம் 3.0 வேகத்தில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடிற்று. தம்பிக்குப் பரம சந்தோஷம். "பார்த்தாயா, அண்ணா! வேகத்தைக் குறைக்க வேண்டியதே இல்லை" என்றான்.

"கோடை வரட்டும், அப்போது பேசு. வோல்டேஜை உயர்த்தாமல் அந்த வேகம் நிலைக்குமானால் வைத்துக் கொள். உஷ்ணம் ஒன்றேகால் மடங்கோடு நிற்கும். இல்லையானால் பழைய வேகமே மேல்" என்றேன்.

சோதித்துப் பார்த்தோம். பழைய வோல்டேஜில் 3.0 வேகம் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. தம்பி இன்னும் யோசித்துக் கொண்டிருந்தான். தீர்ப்புச் சொன்னவள் பெண்தான்: "அப்பா, எனக்கு வேகம் வேண்டாம். எழுதினது போகாமல் இருந்தால் போதும்."

தம்பி மறுபேச்சுப் பேசாமல் 333-ஐ 266 ஆக்கி, வோல்டேஜையும் பழைய அளவுக்கு இறக்கினான். கடன் அடைந்தது.

அன்றிரவு அவள் நெடுநேரம் எழுதிக் கொண்டிருந்தாள். விசிறியின் சப்தமே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கூடத்தில் படுத்திருந்த தம்பியின் குறட்டைதான்.