கம்பளிக்கு டைப்ரைட்டரை விற்பதா?

அமெரிக்காவில் 2000-ல் டோரீன் குரோனின் எழுதி, பெட்ஸி லெவின் படம் வரைந்த குழந்தைப் புத்தகம் 'கிளிக், கிளாக், மூ'. கொட்டகையில் குளிர், பசுக்கள் பழைய டைப்ரைட்டரில் மின்சாரக் கம்பளி கேட்டன. எஜமானன் பிரவுன் மறுத்தான். பால் நின்றது! கோழிகளுக்கும் குளிர்கிறதென்று பசுக்களே எழுதின, முட்டையும் நின்றது. ஒற்றுமையென்றால் இதுவல்லவா, தோழர்களே!

பிறகுதான் கேடு. கம்பளி தந்தால் டைப்ரைட்டரையே ஒப்படைக்கிறோம் என்று சமரசம்! இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கம்பளி நைந்துபோனால் அடுத்த கோரிக்கையை எதில் அடிப்பது? பஞ்சப்படியை நீட்டிச் சங்கத்தை விலைபேசும் முதலாளியை ஆலைத் தொழிலாளி அறியமாட்டானா?

தூது போனது வாத்து. நடுநிலையாம்! ஆனால் டைப்ரைட்டரை எஜமானனிடம் சேர்க்கவில்லை அது. குளத்தில் குதிக்கப் பலகை வேண்டுமென்று வாத்துகள் அடித்தன. பலகையும் கிடைத்தது.